"ஐ5, 16 ஜிபி, வெறும் 17,500" – வாங்கலாமா? தங்கச்சி கடைக்கு டெஸ்க்டாப், பட்ஜெட் 25 ஆயிரம்

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கங்க. தங்கச்சி காரிமங்கலத்துல தாலுகா ஆபீஸ் பக்கம் சின்னதா ஒரு கடை போடுது. ஆன்லைன் அப்ளிகேஷன், தமிழ் டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுதான் வேலை. கடை அட்வான்ஸ், போர்டு, டேபிள்னு போனது போக கம்ப்யூட்டருக்குன்னு கையில மிச்சம் 25 ஆயிரம். மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் இதுக்குள்ளயே அடங்கணும். லேசர் பிரிண்டர் ஒண்ணு மாமா கொடுத்தது இருக்கு.

இதுவரைக்கும் பிளஸ் டூவுல கவர்மென்ட் கொடுத்த லேப்டாப்பை வெச்சு ஓட்டிச்சு. பேட்டரி எப்பவோ போச்சு. சர்ட்டிஃபிகேட் அப்லோட் ஆகி முடியறதுக்குள்ள சைட்டே நம்மளை வெளிய தள்ளிடுது.

தருமபுரியில ஒரு கடையில கொட்டேஷன் வாங்கினேன். எழுதிக் கொடுத்ததை அப்படியே போடறேன்: "கோர் ஐ5 புராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, புது கேபினட், 19 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் 11 போட்டுத் தரப்படும், ஒரு வருட வாரன்ட்டி – ரூ. 17,500." பக்கத்துக் கடையில புது ஐ3, வெறும் கேபினட் மட்டுமே 26 ஆயிரம் சொல்றாங்க. இது எப்படிங்க இவ்வளவு கம்மி? ஆசைப்பட்டு 2,000 அட்வான்ஸ் வேற கொடுத்துட்டேன்.

ஓசூர் சர்வீஸ் பெஞ்ச்:
ஐ5க்குப் பக்கத்துல நம்பர் ஏதாவது எழுதியிருக்கா தம்பி? எழுதலைன்னா எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

ஐ5ங்கிறது இன்டெல் கம்பெனி புராசஸரோட பேரு, 2009லிருந்து வருது. வெறும் "ஐ5"னு எழுதறது, மண்டியில போய் "மாங்கா ஒரு லோடு"ன்னு கேக்கற மாதிரி. மல்கோவாவா, பெங்களூராவா, பறிச்சு எத்தனை நாளாச்சு, ஒண்ணும் தெரியாது. அதுக்கு அடுத்து வர்ற நம்பர்தான் ஜாதகம். நாலு இலக்கமா இருந்தா முதல் இலக்கம் தலைமுறை: 3470னா மூணாவது, 8500னா எட்டாவது. அஞ்சு இலக்கமா இருந்தா முதல் ரெண்டு: 10100னா பத்து, 12100னா பன்னெண்டு.

இந்த ரேட்டுல என்ன நடக்குதுன்னா, கம்பெனிகள் கழிச்சுவிட்ட பழைய மெஷின்ல இருந்து புராசஸரை மட்டும் கழட்டுவாங்க. புராசஸர் லேசுல சாகாது. அதை எச்61னு ஒரு மதர்போர்டுல உக்கார வைப்பாங்க. அந்த போர்டுல இருக்கிற சிப்செட் (புராசஸரை மத்ததோட இணைக்கிற சிப்பு) 2011ல வந்தது. ரெண்டாவது, மூணாவது தலைமுறைக்குத்தான் சேரும். அந்த போர்டைப் பேர் தெரியாத கம்பெனிகள் இன்னமும் புதுசா அடிச்சு விக்கறாங்க. மேல பளபளன்னு லைட் வெச்ச கேபினட். எழுதின கொட்டேஷன்ல பொய்னு ஒரு எழுத்து இருக்காது, அதான் அவங்க சாமர்த்தியம்.

கடைக்குப் போய் மெஷினை ஆன் பண்ணச் சொல்லுங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ்ல சிபியுவைத் தட்டினா வலது பக்கம் மேல முழுப் பேரும் இருக்கும். போட்டோ எடுத்துட்டு வாங்க.

பாலக்கோட்டுக்காரன்:
போயிட்டு வந்தேன் அண்ணா. நீங்க உதாரணத்துக்குச் சொன்ன அதே நம்பர். ஐ5-3470. கடைக்காரர்கிட்ட "மூணாவது தலைமுறைங்களே"ன்னேன். "தம்பி, நீங்க என்ன ராக்கெட்டா விடப் போறீங்க?"ன்னாரு.

ஆனா உள்ளதைச் சொல்லணும், ஓட்டிப் பார்த்தப்ப வேகமாத்தான் இருந்துச்சு. குரோம் டக்குனு திறந்துச்சு. அதான் குழப்பமா இருக்கு.

ஓசூர் சர்வீஸ் பெஞ்ச்:
அது எஸ்எஸ்டியோட வேகம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டா 2012 மெஷினும் கொஞ்ச நாளைக்கு மாப்பிள்ளை மாதிரி நடக்கும். மெஷின் மோசம்னு நான் சொல்லலை, 17,500 தான் மோசம். அதே மூணாவது தலைமுறை ஆபீஸ் கேபினட், பழசுன்னு சொல்லியே, எங்க பக்கம் 5,000, 6,000க்குக் கிடைக்குது.

பெரிய சிக்கல் விண்டோஸ். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11க்கு இன்டெல்னா எட்டாவது தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். உங்க கடைக்காரர் அந்தச் சோதனையை ஏமாத்தித்தான் 11 ஏத்தியிருக்கார். ஓடும். ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தர்றதில்லை. ஊர்ச் சனத்தோட ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் ஆகிற மெஷின்ல அந்த ரிஸ்க் எதுக்கு?

ஊத்தங்கரை டிடிபி:
தம்பி, நான் இந்தக் குழியில விழுந்து எழுந்தவ. இதே மாதிரி "புது ஐ5" ஒண்ணு வாங்கினேன். வாரன்ட்டி 12 மாசம், மதர்போர்டு போனது 14வது மாசம். அதுவும் ஸ்காலர்ஷிப் கடைசி நாள். வெளிய பதினஞ்சு பிள்ளைங்க வரிசையில நிக்குது, உள்ள ஸ்கிரீன் கறுப்பு. அன்னைக்கு வாங்கின பேச்சு இன்னும் காதுல இருக்கு.

இப்ப ஓட்டறது எட்டாவது தலைமுறை பழைய ஆபீஸ் மெஷின்தான். மூணு வருஷமா சத்தமே இல்லை. என் கணக்கு இது: சிபியு பழசா இருக்கலாம், மானிட்டரும் யுபிஎஸ்ஸும் புதுசா இருக்கணும். 19 இன்ச் வேண்டாம். ஒரு பக்கம் சர்ட்டிஃபிகேட், ஒரு பக்கம் ஃபார்ம்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து அடிக்கணும். 22 இன்ச் ஃபுல் ஹெச்டி இருந்தா இனிஷியல் மாறிப்போறது பாதி குறையும். நாள் பூரா உத்துப் பார்க்கப் போறது உங்க தங்கச்சி கண்ணு, அதை மறந்துடாதீங்க.

தமிழ் டைப்பிங்குக்குத் தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் செட்டிங்ஸ்லயே இருக்கு. பழைய பாமினி, வானவில் ஃபைல் கொண்டு வர்றவங்களுக்கு மட்டும் அந்த எழுத்துருவைப் போட்டு வெச்சுக்கணும்.

அரூர் லினக்ஸ்:
8,000 ரூபாய்க்கு மேல செலவே வேண்டாம். பழைய மெஷின்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க. இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, தமிழ்99ம் வரும்.

ஊத்தங்கரை டிடிபி:
வீட்டுக்குன்னா நானும் அதையேதான் சொல்வேன் சார். கடைக்கு ஒத்து வராது. என்கிட்ட இருக்கிற கைரேகை மெஷினுக்கு விண்டோஸ்ல ஓடற டிரைவர் மென்பொருள்தான் கொடுத்திருக்காங்க. போட்டோஷாப்பும் லினக்ஸ்ல நேரா ஓடாது. கஸ்டமர் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போது வழி தேடிக்கிட்டிருக்க முடியாது.

அரூர் லினக்ஸ்:
கைரேகையை யோசிக்கலை. வாபஸ்.

பாலக்கோட்டுக்காரன்:
இன்னொரு கடையில ஐ3-12100எஃப் போட்டு 21,000க்கு கேபினட் தர்றேங்கிறாங்க. பன்னெண்டாவது தலைமுறை, புதுசு. இதுல வில்லங்கம் இருக்கா? தலையைச் சுத்துது.

ஓசூர் சர்வீஸ் பெஞ்ச்:
கடைசியில ஒரு "எஃப்" இருக்கு பாருங்க, அதான் வில்லங்கம். எஃப்னா உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது. தனியா கார்டு போடாம மானிட்டர்ல ஒரு புள்ளி கூட வராது. கார்டு போட்டா பட்ஜெட் பறந்துடும். கார்டு இல்லாம அந்த விலை சொன்னாங்கன்னா, மெஷின் வீட்டுக்கு வந்த அப்புறம்தான் உங்களுக்குத் தெரியும். எஃப் இல்லாத 12100 நல்ல புராசஸர். ஆனா மானிட்டர், யுபிஎஸ் சேர்த்து 25க்குள்ள புதுசா அடங்காது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை வேற தாறுமாறா ஏறிக்கிடக்கு. ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போறாங்க.

அதனால அக்கா சொன்ன வழிதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, எச்பி புரோடெஸ்க் 400 ஜி5, லெனோவா திங்க்சென்டர் எம்720எஸ், இந்த மூணுல ஒண்ணைத் தேடுங்க. ஐ5-8500 கிடைச்சா ஆறு கோர், தாராளம். ஐ3-8100 வந்தாலும் தங்கச்சி வேலைக்குப் போதும். ஆப்டிபிளெக்ஸ் 3050ன்னு ஒண்ணு நீட்டுவாங்க, வெளிய பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான். அது ஆறாவது, ஏழாவது தலைமுறை. வாங்காதீங்க.

எடுக்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஆன் பண்ணினதும் டெல்லுன்னா எஃப்2, எச்பின்னா எஃப்10, லெனோவான்னா எஃப்1 தட்டி பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடற அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போங்க. பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா கீழே வெச்சுட்டு வந்துடுங்க. கம்பெனிக்காரன் போட்ட பூட்டு, பின்னாடி உயிரை வாங்கும். அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு சின்ன மென்பொருளை பென்டிரைவ்ல கொண்டு போங்க. எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம்னு காட்டிடும். மூணாவது, விண்டோஸ் ஆக்டிவேஷன் பக்கம். இந்த மெஷின்கள்ல லைசென்ஸ் பெரும்பாலும் பயாஸ்லயே பதிஞ்சு வரும், தனியா காசு கொடுக்காதீங்க.

குறையும் சொல்லிடறேன். இந்தக் குட்டிக் கேபினட்டோட எஸ்எம்பிஎஸ் (கரன்ட் சப்ளை பெட்டி) சாதாரண சைஸ் இல்லை, மதர்போர்டுக்குப் போற பின்னும் வேற. போச்சுன்னா தெருமுனைக் கடையில கிடைக்காது, வரவழைக்கணும்.

பாலக்கோட்டுக்காரன்:
பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகள்ல இன்னும் கம்மின்னு சொல்றாங்களே, பாலக்கோட்டுலயே ரயில் ஏறிடலாமே?

ஓசூர் சர்வீஸ் பெஞ்ச்:
போலாம். 1,000, 1,500 குறையும். ஆனா ஒரு நாள் போச்சு. ரிப்பேர்னா அதைத் தூக்கிட்டு இன்னொரு நாள். ஓசூர்லயோ தருமபுரியிலயோ பில் போட்டுத் தர்ற கடையில வாங்குங்க. (கிருஷ்ணகிரிக்காரங்க ரயில்ல ஏறிப் போய் வாங்கறேன்னு சொல்லவே முடியாது, ஸ்டேஷன் இருந்தாத்தானே!)

பாலக்கோட்டுக்காரன்:
வாங்கியாச்சு! ஓசூர்ல. புரோடெஸ்க் 400 ஜி5, ஐ5-8500, 8 ஜிபி ரேம் ஒரே குச்சி, இன்னொரு ஸ்லாட் காலி, 256 எஸ்எஸ்டி: 14,500. புது 22 இன்ச் மானிட்டர் 6,200. 600 விஏ யுபிஎஸ் 2,600. கீபோர்டு, மவுஸ் 650. பழைய கடைக்காரர் 2,000 அட்வான்ஸ்ல 1,500 திருப்பிக் கொடுத்தாரு, 500 "பில் கேன்சல் சார்ஜ்"னு எடுத்துக்கிட்டாரு. போகட்டும், பாடம் படிச்ச ஃபீஸ்.

இப்ப பிரச்சனை: மானிட்டரோட வந்தது எச்டிஎம்ஐ கேபிள். சிபியு பின்னாடி அந்த ஓட்டையே இல்லை. ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி ரெண்டு ஓட்டை இருக்கு, நீலக் கலர்ல ஒரு விஜிஏ இருக்கு.

ஓசூர் சர்வீஸ் பெஞ்ச்:
மூலை வெட்டினது டிஸ்பிளேபோர்ட். மானிட்டர்லயும் நீல ஓட்டை இருந்தா, பழைய விஜிஏ கேபிள் ஒண்ணைத் தேடி இன்னைக்கே மாட்டி வேலையை ஆரம்பிங்க. அப்புறமா "டிஸ்பிளேபோர்ட்ல இருந்து எச்டிஎம்ஐ" கன்வெர்ட்டர் வாங்குங்க. சொல்லும்போது இதே வரிசையில சொல்லணும். உருவத்துல ஒண்ணு மாதிரியே தலைகீழ் கன்வெர்ட்டரும் இருக்கு, அதை மாட்டினா படம் வராது.

பாலக்கோட்டுக்காரன்:
350 ரூபாய். வந்துடுச்சு, பளிச்சுனு இருக்கு. கையில மிச்சம் 200.

ஆனா ரெண்டு புதுத் தலைவலி. கேபினட் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டா சுர்ருனு இழுக்குது. தங்கச்சி செருப்பு போடாம கிட்டயே போக மாட்டேங்குது. இன்னொண்ணு, பிரிண்ட் கொடுக்கும்போதெல்லாம் யுபிஎஸ் கத்துது. பழைய மெஷின்னு சொல்லி ஏமாத்திட்டாங்களா?

பென்னாகரம் வயர்மேன்:
மெஷின் மேல தப்பு இல்லீங்க. கடையில எர்த் இல்லை.

எஸ்எம்பிஎஸ் உள்ள, லைன்ல வர்ற இரைச்சலை வடிகட்ட சின்ன கெபாசிட்டர் ரெண்டு உண்டு. அதுல கசியற கொஞ்சம் கரன்ட் மூணாவது பின் வழியா மண்ணுக்குப் போகணும். மூணாவது பின் எங்கேயும் சேரலைன்னா அந்தக் கரன்ட் கேபினட் தகட்டுலயே தங்கிடும். டெஸ்டர் வெச்சா மங்கலா எரியும். இந்தக் கசிவு மட்டும்னா உயிருக்கு ஆபத்தில்லை, ஆனா நாளைக்கு நிஜமாவே ஷார்ட் ஆச்சுன்னா காப்பாத்த ஒண்ணும் இருக்காது. முதல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வயரைப் பாருங்க, பாதி பாக்ஸ்ல உள்ள ரெண்டு கம்பிதான் ஓடும். அது சரியா இருந்தா சுவர் பிளக்கை வயர்மேன் விட்டுச் சோதிக்கணும். நீங்களா பல்பு வெச்சு விளையாடாதீங்க.

பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாத்துங்க. லேசர் பிரிண்டர் உள்ள இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு ஹீட்டர் இருக்கு, அதை 600 விஏ யுபிஎஸ் தாங்காது. யுபிஎஸ்ல சிபியுவும் மானிட்டரும் போதும்.

பாலக்கோட்டுக்காரன்:
பாக்ஸைப் பிரிச்சேன், ரெண்டே கம்பி. மூணு கம்பி பாக்ஸ் மாத்தியும் லேசா இழுக்குது. வயர்மேன் வந்து பார்த்துட்டு, பில்டிங்குக்கே எர்த் குழி இல்லைன்னுட்டார். வீட்டு ஓனர் பாதி காசு தர்றேன்னு ஒத்துக்கிட்டார், ஞாயித்துக்கிழமை குழி வெட்டறோம். பைப்பு, உப்பு வாங்கியாச்சு. கரிதான் கிடைக்கலை. இஸ்திரிக் கடைக்காரர்கிட்ட ஒரு மூட்டை கேட்டேன், என்னை மேலயும் கீழயும் பார்க்கறாரு. அந்தக் கரிதானே, இல்லை வேறயா?

பென்னாகரம் வயர்மேன்:
அதே மரக்கரிதான். அவர் வாங்கற இடத்தைக் கேளுங்க, மூட்டையைக் கேக்காதீங்க. கரியும் உப்பும் மாத்தி மாத்தி அடுக்கா போட்டு மூடுங்க. நம்ம மண்ணு சித்திரையில பாறையாக் காஞ்சிடும், வாரம் ஒரு குடம் தண்ணி அந்தப் பைப்புல ஊத்தச் சொல்லுங்க தங்கச்சியை.