கானமயிலுக்காக 50 கிலோமீட்டர்

தார் பாலைவனத்தில் நடக்கும் ஒரு அல்ட்ரா ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் அல்ட்ரா என்பார்கள். நான் எடுத்திருப்பது 50. அல்ட்ரா ஓடுபவர்களின் உலகத்தில் அது அரிச்சுவடிதான், ஆனால் பூங்காவைச் சுற்றி மெதுவாக ஓடியதைத் தவிர வேறு பழக்கமில்லாத எனக்கு அதுவே பெரிய தூரம். ஓட்டத்தைச் சொல்லித் திரட்டும் பணம் முழுவதும் கானமயில் (Great Indian Bustard) என்னும் பறவையைக் காக்கும் வேலைக்குப் போகிறது. பயிற்சியில் இறங்கியபின் சந்தித்த சிலரைப் பற்றி எழுதத் தோன்றியது. ஓடக் கற்றுக்கொண்டதைவிட அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம்.

முதலில் பறவை. ஒரு மீட்டர் உயரம் இருக்கும், வளர்ந்த ஆண் 15 கிலோ வரை எடை வரும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. முன்பு தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல மாநிலப் புல்வெளிகளில் இருந்தது. இன்று காட்டில் 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருப்பதாகக் கணிக்கிறார்கள், அதிலும் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில். பெண் பறவை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதையும் வெறுந்தரையில். நாயோ நரியோ அதைத் தின்றுவிட்டால் அந்தப் பருவமே போய்விடக்கூடும்.

பயிற்சிக்கு வழிகாட்ட ஒரு அக்கா கிடைத்தார். பல அல்ட்ரா ஓட்டங்களை முடித்தவர். கால் பயிற்சி பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், அவர் வயிற்றைப் பற்றிப் பேசினார். "தம்பி, அங்க வேகமா ஓடுறவன் முடிக்க மாட்டான். ஓடிக்கிட்டே சாப்பிடத் தெரிஞ்சவன்தான் முடிப்பான்" என்றார். உடம்பு ஓட்டத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஓடும்போது ரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் வயிறு எதையும் ஏற்க மறுக்கும். அதனால் வாரக்கடைசி நீள ஓட்டங்களில் அரைமணிக்கொருமுறை பேரீச்சம்பழமோ வாழைப்பழமோ சாப்பிட்டு வயிற்றைப் பழக்கச் சொன்னார். தண்ணீர் விஷயத்திலும் கண்டிப்பு. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடி, உப்பையும் சேர்த்துக்கொள் என்பது அவர் சொல்லும் விதி.

சனிக்கிழமை நீளமாக ஓடி, ஞாயிற்றுக்கிழமை அந்தக் களைத்த கால்களோடு மறுபடி ஓட வைப்பது அவர் முறை. ஞாயிறு காலை படிக்கட்டில் இறங்கும்போதே தொடை கெஞ்சும். முதல் இரண்டு கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாகத்தான் போகும், அப்புறம் கால் தானாக இளகும். பந்தயத்தின் பின்பாதியில் உடம்பு எப்படி இருக்கும் என்பதை ஒரே நாளில் 50 கிலோமீட்டர் ஓடிப் பார்க்காமலேயே இப்படித் தெரிந்துகொள்ளலாம்.

மணல் வேறு கதை. காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று அளந்திருக்கிறார்கள். அடி வைத்தவுடன் மணல் நகர்ந்துவிடுவதால், தரை திருப்பித் தர வேண்டிய உந்துதல் அப்படியே காணாமல் போகிறது. கடற்கரையில் ஈரமணலை விட்டு மேலே ஏறி, பொடிமணலில் ஓடிப் பழகுகிறேன். அடியைச் சின்னதாக வைத்து, பாதம் முழுவதையும் தட்டையாகப் பதித்தால் புதைவது குறைகிறது. ஷூவுக்கும் கணுக்காலுக்கும் நடுவே துணி உறை மாட்டினால் மணல் உள்ளே வராது. நீள ஓட்டத்தில் பாதம் வீங்கும் என்பதால் ஷூவும் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருக்கிறேன். தோல் உரசும் இடுக்கெல்லாம் வாசலின்.

பணம் திரட்டப் போனபோதுதான் நிஜமான கேள்விகள் வந்தன. என் சித்தப்பா மின்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கானமயிலைக் கொல்வதில் மின்கம்பிதான் முதல் என்று நான் சொன்னதும், "பறவைக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டார். தெரியும், ஆனால் பக்கவாட்டில். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் நேர் முன்னால் பார்வை குறைவு. கம்பி தெரியும்போது மிக அருகில் வந்திருக்கும், அத்தனை எடையோடு சட்டென்று திரும்பவும் முடியாது. தார் பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் இப்படிச் சாகின்றன என்பது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் மதிப்பீடு. இருப்பதே 150-க்குள் என்னும்போது 18 என்ன செய்யும் என்று அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார்.

அப்புறம் அவர் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். அந்தக் கம்பிகளில் பல சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் கொண்டுபோகின்றன. குறைந்த அழுத்தக் கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கலாம், மிக உயர்ந்த அழுத்தக் கம்பிகளை நீண்ட தூரம் புதைப்பது தொழில்நுட்பத்திலும் செலவிலும் பெரிய சிக்கல் என்றார். உச்ச நீதிமன்றத்திலும் இதே இழுபறிதான். 2021 ஏப்ரலில், முடிந்த இடத்திலெல்லாம் புதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2024 மார்ச்சில், சுமார் 99,000 சதுர கிலோமீட்டருக்கான அந்தப் பொதுவான கட்டுப்பாட்டைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டார்கள். தூய மின்சாரம் வேண்டும், எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் கம்பிப் பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட முடிகிற இடத்தில்கூடத் தள்ளாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளம்பும்போது சித்தப்பா நன்கொடை கொடுத்தார், கூடவே தன் பழைய அலுவலக நண்பர்களின் எண்களையும்.

ஓட்டத்துக்கு முன்னால் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜெய்சல்மேர் போனேன். பாலைவனம் என்றதும் மணல்மேடுகளைத்தான் மனதில் வைத்திருந்தேன். பெரும்பகுதி கல்லும் புதரும், நடுநடுவே சேவன் என்னும் பாலைவனப் புல்லும்தான். பகலில் இதமான வெயில், இரவில் பல்லைக் கடிக்க வைக்கும் குளிர். வெயிலுக்கு மட்டுமே தயாராகிப் போகிறவர்கள் இரவில் திணறிவிடுவார்கள்.

பாலைவனத் தேசியப் பூங்காவின் சுதாசரி பகுதியில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் தொலைநோக்கியைக் கையில் கொடுத்து ஒரு திசையைக் காட்டினார். முதலில் புல் மட்டும்தான் தெரிந்தது. பிறகு புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து, அதன் உச்சியில் கருப்புத் தொப்பி வைத்த தலை. மெதுவாக ஒரு அடி எடுத்து வைத்து நின்றது, குனிந்து எதையோ கொத்தியது, மறுபடி நிமிர்ந்தது. அருகே போகலாமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பதுதான் சரி.

திரும்பும் வழியில் கம்பிகளில் தொங்கவிட்டிருந்த சின்னத் தகடுகளைக் காட்டினார். காற்றில் சுழன்று மினுங்கிப் பறவைக்குக் கம்பி இருப்பதை உணர்த்துபவை. சில இடங்களில் வரிசை விட்டுப்போயிருந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை நாய்கள். சுற்றுலாக் கூடாரங்களின் மிச்சச் சாப்பாட்டில் பெருகும் நாய்கள் முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை. "ஓட வருபவர்களும் குப்பை போடுவார்கள் அல்லவா?" என்று இந்தியில் கேட்டார். நல்ல கேள்வி. ஊர் திரும்பியதும் பந்தயம் நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன். பாதை பூங்காவுக்குள் போகாது என்றும், பிளாஸ்டிக் கோப்பைகள் வைக்கப்போவதில்லை, ஓடுபவர்களே குவளை கொண்டுவர வேண்டும் என்றும் பதில் வந்தது. பழத்தோலைக்கூட எறியக்கூடாது என்பதை விதியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சாம், ராம்தேவ்ரா என்ற ஊர்களில் இருக்கும் இனப்பெருக்க மையங்களில் காட்டிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டல் வழியாகவும் ஒரு குஞ்சு பிறந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து வெளியே போகும்போது, பறக்க வானமும் முட்டையிடப் புல்வெளியும் இருக்க வேண்டும். அதனால் நான் திரட்டும் பணத்தை, கானமயில் நடமாடும் கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களைக் காவலுக்கு அமர்த்தும் வேலைக்குத் தருகிறேன். மையங்களுக்கு அரசு பணம் தருகிறது, புல்வெளியில் நடந்து கண்காணிக்கிறவர்களுக்குத்தான் சம்பளம் நிச்சயமில்லை.

பயிற்சி இப்போது 30 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. இனி இரவு ஓட்டம் பழக வேண்டும். தார் மணலில் இரவில் ஓடியவர்கள் யாராவது இருந்தால், கைக்குளிருக்கு என்ன செய்தீர்கள் என்றும், தலைவிளக்கை எவ்வளவு மங்கலாக வைத்தால் வழி தெரியும் என்றும் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் குறைத்து ஓடினால் அங்கே இருக்கும் மற்ற உயிர்களுக்கும் தொந்தரவு குறையும்.