முறுக்கு விற்க 1,800 வெள்ளி கட்டி இணைய வகுப்புக்குப் போகலாமா?

லயத்துவீட்டுப் பையன் (சுங்கை சிப்புட்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றிய பிறகு டவுன் பக்கம் வந்துவிட்டோம். இப்போது வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி போடுகிறார். தீபாவளிக்கு முந்தைய மாதம் சிவப்பு மூடி போத்தல் வாங்கி மாளாது, அவ்வளவு ஆர்டர். தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து ஈ ஓட்டுகிறோம். வருடம் முழுக்க விற்றால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். ஈப்போவில் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, மீதி நேரத்தில் இது.

முகநூலில் பக்கம் திறந்து, படம் போட்டு, காசு கட்டினால் பதிவை நிறையப் பேருக்குக் காட்டும் அந்த 'பூஸ்ட்' பட்டனை மூன்று வாரம் அழுத்திக்கொண்டே இருந்தேன். 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போயிற்று. 1,400 லைக் வந்தது. ஆர்டர் நான்கு, அதில் ஒன்று கூலிமில் இருக்கும் என் அத்தை. ஷோப்பி இணையச் சந்தையிலும் கடை திறந்தேன், பதினொரு போத்தல் போயிற்று, இரண்டு பேர் "எல்லாம் தூளாக வந்திருக்கிறது" என்று படம் எடுத்துப் போட்டு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒருவர் மண்டபத்தில் இலவசக் கூட்டம் நடத்தினார். இணையத்தில் விற்பது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசினார், நன்றாகத்தான் பேசினார். கடைசியில் முழு வகுப்புக்கு 1,800 வெள்ளி, இன்றைக்கே கட்டினால் 1,500, மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் பாதிப் பணம் திரும்பி வரும் என்றார். அம்மா, "அந்தக் காசுக்கு ஒரு நல்ல அடுப்பு வாங்கிக் கொடுடா" என்கிறார். ஒரு போத்தல் 400 கிராம், 18 வெள்ளி. மாவு, எண்ணெய், கேஸ், போத்தல் எல்லாம் சேர்த்து 7.50 ஆகிறது. கட்டலாமா, வேண்டாமா?

மசாலா அக்கா (பீடோர்) எழுதியது:

தம்பி, கட்டாதே. காரணம் சொல்கிறேன், அப்புறம் உன் இஷ்டம்.

முதலில் உன் கணக்கையே பார். 300 வெள்ளிக்கு நான்கு ஆர்டர் என்றால் ஓர் ஆளைப் பிடிக்க 75 வெள்ளி (அத்தையைக் கழித்தால் நூறு, சரி, விடு). 18 வெள்ளி போத்தலில் 7.50 செலவு, பெட்டி, பபிள் சுற்ற 1.20, ஷோப்பிக்காரன் இப்போதெல்லாம் கமிஷன், பரிவர்த்தனைக் கட்டணம், இலவச அனுப்பல் திட்டம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான், என் கணக்கில் போன மாதம் எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பதினைந்து வந்தது, அப்படியென்றால் உனக்கு 2.70. மிச்சம் 6.60. எழுபத்தைந்து வெள்ளி போட்டுப் பிடித்த ஆள் மொத்தம் பன்னிரண்டு தடவை வாங்கினால்தான் உன் காசு உனக்கு வரும். எந்த வகுப்பிலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும், போட மாட்டார்கள்.

இரண்டாவது, உன் முறுக்கை யார் வாங்குவார்? சுங்கை சிப்புட்டில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் முறுக்கு சுடத் தெரிந்த ஆள் இருக்கிறார். அங்கே போய் விளம்பரம் போட்டால் லைக் வரும், பணம் வராது. தோட்டத்தை விட்டுப் போனவர்கள்தான் உன் வாடிக்கையாளர்கள். பூச்சோங், கிள்ளான், ஜொகூர் பாரு, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போகிறவர்கள். அவர்களுக்கு வீட்டில் மாவு பிசைய நேரம் இல்லை, கடையில் வாங்கினால் பழைய எண்ணெய் வாசம். எனக்கு மீன் மசாலா முதல் ஆறு மாதம் ஒரு காசு விளம்பரம் இல்லாமல் விற்றது, எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி பழைய மாணவர் வாட்சப் குழுவில். தலைமையாசிரியரிடம் கேட்டு ஒரே ஒரு தடவை போட்டேன். தினமும் போட்டிருந்தால் குழுவை விட்டே தூக்கியிருப்பார்கள்.

வாட்சப் பிசினஸ் செயலியை இறக்கிக்கொள், இலவசம். படம், விலையோடு கேட்டலாக் போடலாம், யார் எதை வாங்கினார் என்று லேபிள் ஒட்டி வைக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஆனால் உன் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். இது தெரியாமல் நான் ஒரு வருடம், யாரும் பதிலே போடவில்லையே என்று அழுதிருக்கிறேன். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னத் தாள் வைக்கிறேன்: "அடுத்த முறை அரைக்கும் தேதி தெரிய இந்த நம்பரைச் சேமித்து வையுங்கள்." என்னிடம் இரண்டாம் தடவை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தாளில் வந்தவர்கள்.

போர்ட் கிள்ளான் தம்பி எழுதியது:

நான் சம்பளத்துக்கு இரண்டு மூன்று கடைகளுக்கு முகநூல் விளம்பரம் போட்டுக் கொடுக்கிறேன். அக்கா சொன்னதில் முக்கால்வாசி சரி, ஆனால் விளம்பரமே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லைக்காக வந்ததற்குக் காரணம் எளிது. என்ன நோக்கத்துக்குப் பணம் கட்டுகிறீர்களோ அதற்கேற்ற ஆள்களைத்தான் முகநூல் தேடிக் கொடுக்கும். பூஸ்ட் பட்டனில் எதையும் மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் லைக், கருத்து போடும் பழக்கம் உள்ளவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். அவர்கள் பார்ப்பதையெல்லாம் லைக் போடுகிறவர்கள், வாங்குகிறவர்கள் வேறு. முகநூலில் விளம்பரங்களை அமைக்கும் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், அழுத்தியதும் நேராக வாட்சப் உரையாடல் திறக்கும் வகை விளம்பரத்தைப் போடுங்கள். சிப்புட்டைச் சுற்றிப் போட வேண்டாம், கிள்ளான், சுபாங், பூச்சோங் வட்டாரத்தை மட்டும் எடுங்கள், அதுவும் தினம் பத்து வெள்ளிக்கு மேல் வேண்டாம். மார்ச் 2024இலிருந்து அந்த விளம்பரக் காசின் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் ஏறுகிறது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு போத்தலை விளம்பரம் போட்டு விற்காதீர்கள். மூன்று போத்தல் செட், 54 வெள்ளி, தபால் தனி. மூலச் செலவு 22.50, பெட்டி 3, கையில் 28.50 நிற்கும். அப்போது ஓர் ஆர்டருக்குப் பதினைந்து வெள்ளி விளம்பரத்துக்குப் போனாலும் சாகமாட்டோம்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டில் வைத்து ரோஜாப்பூ சொருகி எடுத்த படம் எங்கள் கடைகளில் ஓடவே ஓடாது. அம்மா கையால் அச்சில் மாவைப் பிழிந்து எண்ணெயில் விடும் இருபது வினாடி வீடியோ, கீழே டீவி சத்தம்கூடக் கேட்கட்டும், அதுதான் ஓடும். டிக்டாக்கில் அதையே போட்டுப் பாருங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஒருமுறை ஏமாந்தவன் எழுதியது:

நான் இதே மாதிரி ஒரு வகுப்புக்குக் கட்டினேன், பேர் சொல்ல விரும்பவில்லை. முழுக்கக் குப்பை என்று சொல்ல மாட்டேன், ஆட்ஸ் மேனேஜரைத் திறந்து பார்க்கும் பயம் அங்கேதான் போயிற்று. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து பொருளைப் பற்றிய பேச்சே இல்லை லா, ஆள் சேர்ப்பது பற்றித்தான். நான் சேர்த்துவிட்ட மூன்று பேரும் சொந்தக்காரர்கள். பாதிப் பணம் வந்தது. அந்த மூன்று பேர் வீட்டுக் கல்யாணத்துக்கு இப்போது நான் போவதில்லை.

பழைய கிராணி (தைப்பிங்) எழுதியது:

ஆள் சேர்த்தால் பணம் என்று யாராவது சொன்னால், 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனை, பிரமிட் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். நேரடி விற்பனைக்கு அரசாங்க லெசென் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்டால் மண்டபத்தில் சத்தம் குறைந்துவிடும்.

எங்கள் காலத்தில் சம்பள நாளன்று சைக்கிளில் துணிக்காரர் ஒருவர் தோட்டத்துக்கு வருவார். கடனுக்குக் கொடுத்துவிட்டு, கறுப்பு அட்டை நோட்டில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) நம்பர், பெண்ணுக்கு எப்போது கல்யாணம், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று எல்லாம் எழுதிக்கொள்வார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன் எந்த வீட்டுக்கு எந்தச் சேலையோடு போக வேண்டும் என்று அந்த நோட்டு சொல்லும். இப்போது நீங்கள் புலனத்தில் (வாட்சப்) லேபிள் ஒட்டுவதும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம், 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, "எனக்கு விளம்பரம் அனுப்பாதே" என்று வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். நம்பர் பட்டியலை யாரிடமும் விலைக்கு வாங்கவும் வேண்டாம். நிறையப் பேர் புகார் கொடுத்தால் புலனமே உங்கள் எண்ணை முடக்கிவிடும்.

தம்பி, எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) தொழிலைப் பதிவு செய்துவிட்டீர்களா? ஆரம்பித்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும், சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. விளம்பரத்தில் விலை போடாமல் "பிஎம் (தனிச்செய்தி) பண்ணுங்கள்" என்று எழுதுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்கிறவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு, தபால் செலவு உட்பட முழு விலை, எத்தனை நாளில் வந்து சேரும், எல்லாவற்றையும் போட்டாக வேண்டும். உள்நாட்டு வாணிப அமைச்சு இதைப் பார்க்கிறது. போத்தலில் லேபிளும் வேண்டும்: பொருளின் பெயர், என்னென்ன போட்டிருக்கிறது, எடை, செய்தவர் பெயர், முகவரி, மலாய் மொழியில். அம்மா உணவு கையாளுவோர் பயிற்சிக்கு ஒரு நாள் போய்விட்டு, டைஃபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ளட்டும். மலாய்க்காரர்களும் வாங்குவார்கள் என்று ஹலால் முத்திரையை எங்கிருந்தாவது இறக்கி ஒட்டிவிடாதீர்கள், சான்றிதழ் இல்லாமல் ஒட்டுவது குற்றம்.

இன்னொன்று. உங்கள் செலவுக் கணக்கில் அம்மாவின் கூலி எங்கே?

லயத்துவீட்டுப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கிராணி ஐயாவின் கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஒரு மாதிரியாக இருந்தது.

அம்மா காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் மதியம் இரண்டு மணிக்கு இருபது போத்தல் ஆகிறது. ஒன்பது மணி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72 என்று போட்டால் ஒரு போத்தலுக்கு 3.92. அக்கா சொன்ன 6.60இல் கழித்தால் ஷோப்பியில் ஒரு போத்தலுக்கு 2.68தான் மிச்சம். இத்தனை நாள் அம்மாவின் முதுகுவலியை லாபம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்று போத்தல் செட்டில் 16.74 வருகிறது, அதில் விளம்பரத்துக்குப் பதினைந்து போனால் ஒன்றும் இல்லை. தம்பி, எட்டு வெள்ளிக்குள் ஓர் ஆர்டர் கிடைக்குமா? இல்லையென்றால் விலையை 20 ஆக்குகிறேன்.

வகுப்புக்காரரிடம் லெசென் கேட்டு வாட்சப்பில் எழுதினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

அக்கா, உடையாமல் எப்படி அனுப்புகிறீர்கள்?

போர்ட் கிள்ளான் தம்பி எழுதியது:

புது ஆளுக்கு எட்டு வெள்ளி கஷ்டம், என் அனுபவத்தில். விலையை ஏற்றுங்கள். செட் 60 ஆனால் ஆறு வெள்ளி கூடுதலாக நிற்கும்.

மசாலா அக்கா (பீடோர்) எழுதியது:

என்னுடையது தூள், உடையாது, ஹிஹி. ஆனால் என் நாத்தனார் அனுப்புகிறாள். அச்சு முறுக்கைத் தபாலில் விற்பதை விட்டுவிடு, எத்தனை சுற்றினாலும் நொறுங்கும், அதை வீட்டுக்கு வந்து எடுப்பவர்களுக்கு மட்டும் வை. முறுக்கைச் சின்ன வட்டமாகப் பிழியச் சொல். போத்தலின் மேல்வாய் வரை நிரப்பி, மூடிக்கும் முறுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பரைக் கசக்கி வை, இடைவெளி இருந்தால்தான் ஆடி உடைகிறது. வியாழன், வெள்ளி பார்சல் போடாதே, வார இறுதியில் கிடங்கில் புரட்டிப் போட்டுவிடுவார்கள். திங்கள், செவ்வாய் போடு. அந்த ஒரு நட்சத்திரம் போட்ட இரண்டு பேருக்கும் புதுசு அனுப்பு, சாக்குச் சொல்லாமல்.

லயத்துவீட்டுப் பையன் எழுதியது:

இரண்டு பேருக்கும் இன்று காலை அனுப்பிவிட்டேன், செவ்வாய்க்கிழமைதான் அக்கா.

அம்மாவிடம் பழைய தோட்டத்து ஆள்களைக் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு முதல் லயம் ஒன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ஆரம்பித்தார், யார் எந்த ஊருக்குப் போனார், யார் மகள் எங்கே கட்டிக்கொடுத்தது என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாற்பத்து மூன்று குடும்பம். பதினெட்டுக்குத்தான் நம்பர் கிடைத்திருக்கிறது, அதில் ஒருவர் பத்து பகாட்டில் சாப்பாட்டுக் கடையே வைத்திருக்கிறாராம். இன்னும் இரண்டு லயம் பாக்கி, நாளை எனக்குக் காலை ஷிஃப்ட், சனிக்கிழமைதான் உட்கார வேண்டும்.