அஜ்மானுக்கும் குவைத்துக்கும் செலவு குறைவா பேச என்ன வழி?

கருங்கல்_வாசி:
அண்ணன் அஜ்மானில், மாமா குவைத்தில். அம்மைக்கு பட்டன் போன், எனக்கு ஆண்ட்ராய்டு. மாமாகிட்ட வாட்ஸாப்பில் நல்லா பேச முடியுது. அண்ணனுக்குப் போட்டால் ரிங் போகுது, எடுத்ததும் ‘கனெக்டிங்’கிலேயே நிக்குது. அம்மை போனில் அன்லிமிடெட் பேக் இருந்தும் வெளிநாட்டுக்குக் கால் போகமாட்டேங்குது. என்ன செய்யலாம்?

குளச்சல்_துறை:
உங்க போன்ல கோளாறு இல்ல. அஜ்மான் இருக்கிற அமீரகத்தில் (யுஏஇ) வாட்ஸாப் மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், காலுக்குத்தான் தடை. குவைத்தில் அந்தத் தடை கிடையாது. அண்ணனை போட்டிம் (BOTIM) என்ற காலிங் ஆப் போடச் சொல்லுங்க, நீங்களும் போடணும். கூகுள் மீட், ஜூம், டீம்ஸ் மூணும் அங்க அனுமதி உள்ளவைதான். மீட்டில் லிங்க் அனுப்பி ரெண்டு பேரும் உள்ள வந்தா பைசா செலவில்ல, நெட் மட்டும் போதும்.

அண்ணன் ரூம்ல யாராவது ‘விபிஎன் போடு மக்கா’ன்னு சொன்னா கேக்க வேண்டாம். தடை உள்ள காரியத்துக்கு விபிஎன் ஆப் வச்சு இன்டர்நெட் முகவரியை மறைச்சா அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்கி 20 லட்சம் வரை. அஞ்சு நிமிஷப் பேச்சுக்கு அது தேவையா?

மார்த்தாண்டம்_ரீசார்ஜ்:
அம்மை போன் விஷயம் வேற. அன்லிமிடெட் என்பது இந்தியாவுக்குள் மட்டும். வெளிநாட்டுக்கு ஐஎஸ்டி பேக் தனியா போடணும். அதுவும் எந்த நாட்டுக்கு என்று பார்த்துப் போடணும். வளைகுடாவுக்கு என்று போட்டிருந்தாலும் நாடுகளின் பட்டியலைத் திறந்து பாருங்க. மெயின் பேக் முடிஞ்சு கிடந்தா ஐஎஸ்டி பேக் மட்டும் உதவாது. பேக் இல்லாமல் கூப்பிட்டால் நிமிஷக் கட்டணம் பேலன்ஸைத் தின்னுடும்.

நம்பர் தப்பா சேமிச்சிருக்கவும் வாய்ப்பு உண்டு. அண்ணன் 05 என்று தொடங்கி நம்பர் கொடுத்திருப்பார். முன்னால உள்ள பூஜ்யத்தை எடுத்துட்டு +971, அதுக்குப் பிறகு 5-ல் தொடங்கும் 9 இலக்கம். குவைத்துக்கு +965, பிறகு 8 இலக்கம். பட்டன் போனில் 0-வை அழுத்திப் பிடிச்சால் + வரும். சில மாடலில் * ரெண்டு தடவை. வராவிட்டால் +க்குப் பதில் 00 போடலாம்.

என்னைக் கேட்டால் அண்ணன் இங்க கூப்பிடுறதுதான் லாபம். அம்மைக்கு இன்கமிங் இலவசம், அமீரக சிம்மில் இந்தியாவுக்கு நிமிஷ பேக் கிடைக்கும். தானா புதுப்பிக்கிற பேக்கா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்க.

பழையாறு:
அண்ணன் கூப்பிடும்போது திரையில் அறியாத +91 நம்பர் வந்தால் கவனிக்கணும். மலிவா கிடைக்கிற சில காலிங் கார்டு, ஆப் எல்லாம் காலை இங்குள்ள சிம் பாக்ஸ் (பல சிம் செருகி, வெளிநாட்டுக் காலை உள்ளூர்க் கால் மாதிரி ஆக்குற கருவி) வழியா திருப்பி விடும். சட்டவிரோதம், குரலும் பிந்தி, வெட்டி வெட்டி வரும். அப்படி வந்தால் தொலைத்தொடர்புத் துறையின் 1963-க்கு அழைத்துச் சொல்லலாம். அறியாத வெளிநாட்டு நம்பரில் ஒரே ரிங் மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டாம்னு அம்மைகிட்ட சொல்லி வையுங்க. கட்டணம் கூடுதலா உள்ள நம்பரா இருக்கும், நீங்க கூப்பிட்டாத்தான் அவனுக்குக் காசு.

குலசேகரம்_4ஜி:
மலையோரம் சிக்னல் ஏறி இறங்கும் இடத்தில் இருந்து மாமாகிட்ட பேசினால், வாட்ஸாப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் காலுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவை ஆன் பண்ணுங்க. வீடியோ வேண்டாம். குரலுக்கு டேட்டா கொஞ்சம் போதும், ஆனால் சீரா வரணும். அதனால 2 கட்டை ஏறி இறங்குறதைவிட 1 கட்டை நிலையா நிக்கிற மூலையே மேல். நேரமும் பாருங்க: இங்க ராத்திரி 9 என்றால் அஜ்மானில் 7.30, குவைத்தில் 6.30.