அப்பாவின் கைநடுக்கத்திற்கும் அவர் அடித்த பூச்சிமருந்துக்கும் தொடர்பு இருக்குமா?

பாலக்கோட்டு மகன்:
அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குப் பாலக்கோட்டை அடுத்து மூன்று ஏக்கர் நிலம் உள்ளது, பெரும்பாலும் தக்காளிதான். இப்போது 64 வயதாகும் அப்பா, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முதுகில் தெளிப்பானைச் சுமந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலுடன் மருந்து அடித்தவர். வாளியில் மருந்தை ஊற்றிக் கையாலேயே கலக்குவார். ஓராண்டாக அவருடைய வலது கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. தம்ளரை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. பால் சொசைட்டியில் அவர் போடும் கையெழுத்து மாதத்திற்கு மாதம் சுருங்கி, இப்போது எறும்பு ஊர்ந்தது போல் இருக்கிறது. உள்ளூர் மருத்துவர் வயதுக் கோளாறு என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். இது மருந்து அடித்ததால் வந்ததா? இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

வேளாண் பட்டதாரி, கிருஷ்ணகிரி:
கை ஓய்ந்திருக்கும்போது வரும் நடுக்கமும் சுருங்கும் கையெழுத்தும், மூளை நரம்பணுக்கள் மெல்ல அழிவதால் வரும் பார்க்கின்சன் நோயில் பரவலாகக் காணப்படுபவை. ஆகவே சத்து மாத்திரையோடு நிற்காமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூச்சிமருந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், கலப்படமான போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களிலேயே பார்க்கின்சன் நோயாளிகளைப் போல விறைத்துப் போனார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சு உடலில் மாறி உருவாகும் பொருள், பாராகுவாட் களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. அதன் பிறகே ஆய்வாளர்களின் கவனம் வயல் பக்கம் திரும்பியது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பாராகுவாட்டையோ ரோட்டினோனையோ பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ரோட்டினோன் என்பது சில செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படும் பூச்சிமருந்து. இயற்கை மருந்து என்றால் கெடுதல் இல்லை என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸ் 2012இல் பூச்சிமருந்தைக் கையாளும் விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாகவே ஏற்றுக்கொண்டது.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. வயதுக்கும் மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்தே அடிக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. கோலினெஸ்டரேஸ் என்ற இரத்தப் பரிசோதனை, குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அண்மையில் உடலில் ஏறியிருந்தால் காட்டுமே தவிர, முப்பது ஆண்டுக் கணக்கைச் சொல்லாது. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

மாந்தோப்புக்காரர், போச்சம்பள்ளி:
மாமரம் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு அண்ணாந்து மருந்து அடித்தால் பாதி நம் முகத்திலும் தோளிலும்தான் விழும். மூக்கில் துண்டைக் கட்டினால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். அது ஆவியைத் தடுப்பதில்லை, மேலும் நச்சு மிகுதியாக ஏறுவது தோல் வழியாகத்தான். கலக்கும்போது மருந்து நீர் சேராமல் கெட்டியாக இருப்பதால் அடிப்பவரைவிடக் கலக்குபவருக்கே கையுறை முதலில் தேவை.

இன்னொன்று: தருமபுரிப் பக்கம் ஃப்ளோரைடு கலந்த கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கும் முதுகும் மூட்டுகளும் விறைக்கும். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு எந்தத் தண்ணீர் குடித்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கை நடுக்கம் அதில் வருவதில்லை என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அது உதவும்.

பாலக்கோட்டு மகன்:
இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, குழம்பு தீய்ந்த வாசனைகூட அப்பாவுக்கு நாலைந்து ஆண்டுகளாகத் தெரிவதில்லை என்றார். நாங்கள் அதைச் சளி என்று விட்டுவிட்டோம். இப்போது தம்பிதான் மருந்து அடிக்கிறான். கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பூனைக்காலி விதைப் பொடி நடுக்கத்திற்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

வேளாண் பட்டதாரி, கிருஷ்ணகிரி:
வாசனை தெரியாமல் போவது நடுக்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கக்கூடிய அறிகுறி. அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. இந்நோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரையிலும் அதே பொருள்தான். ஆனால் பொடிக்குப் பொடி அளவு மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறி, வாந்தியும் தலைச்சுற்றலும் வரலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை கொடுக்க வேண்டாம். பார்க்கப் போகும்போது அந்தப் பொடியையும், அப்பா பயன்படுத்திய பூச்சிமருந்துகளின் பெயர்களை எழுதிய தாளையும் கையோடு கொண்டு போங்கள்.