மறு: 'சுருங்கும் நுரையீரல்' வேண்டாமே

> 'சுருங்கும் நுரையீரல் நோய்' என்று நேரே போட்டுவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது அண்ணை. நம் லூபஸ் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) துண்டுப்பிரசுரத்தில், அந்த நோயால் வரும் 'shrinking lung syndrome'க்கு என்ன தமிழ் போடுவது என்பதுதானே கேள்வி. போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அக்கா, லூபஸ் வந்து பல வருடமானவர், ரிப்போர்ட்டோடு இரண்டு மாடி ஏறி வந்து வாசற்படியிலேயே குந்திவிட்டார். "நுரையீரல்... சுருங்குதாம்... இனி விரியாதோ பிள்ளை?" ஒரு வசனத்தை மூன்றாக உடைத்துத்தான் கேட்க முடிந்தது.

எக்ஸ்ரேயில் பிரிமென்றகடு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத்தசை, இந்தியப் பாடநூல்களில் உதரவிதானம்) இருபுறமும் மேலேறி நிற்கிறதாம். சி.ரி. ஸ்கேனில் நுரையீரல் இழையத்தில் தழும்பு கிழும்பு எதுவும் இல்லை. ஊதிப் பார்க்கும் சோதனையில் மட்டும் கொள்ளளவு குறைவு. அதாவது நுரையீரல் வற்றிப்போகவில்லை, காற்றைக் குறைவாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஏன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. பிரிமென்றகட்டுத் தசையின் பலவீனம் என்கிறார்கள் சிலர், நுரையீரல் உறை அழற்சியின் நோவுக்குப் பயந்து ஆழ மூச்செடுக்காததால் என்கிறார்கள் வேறு சிலர். 1965இல் ஹொஃப்பிராண்ட், பெக் என்ற மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தபோது 'சுருங்கும்' என்று எழுதியதை நாமும் அப்படியே சுமக்க வேண்டுமா? ஸ்டீரொய்டும் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தும் கொடுத்தால் பலருக்கு மூச்சு தேறுகிறது. அப்படியான நோய்க்கு இந்தப் பெயர் வீண் பயம்.

நானே முதலில் 'விரிவுக்குறை' என்று எழுதிவிட்டு அழித்தேன். அட்டெலெக்டாசிஸுக்கு (நுரையீரலின் ஒரு பகுதி காற்றில்லாமல் ஒடுங்கிப்போவது) கிரேக்கத்திலேயே 'முழுதாக விரியாமை' என்றுதான் பொருள், அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்போம். என் முன்மொழிவு 'குறைகொள் நுரையீரல்'. கொள்ளளவில் இருந்து எடுத்தது. காரணம் எதுவென்று நாளை முடிவானாலும் சொல் பிழைக்கும். ஒலி கொஞ்சம் கரடுமுரடுதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. நுரையீரல் நுண்ணறைகளில் இரத்தம் கசிவதற்கு உங்கள் வரைவில் 'இரத்தம் கக்கல்' என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பலருக்குச் சளியில் இரத்தமே வராது, திடீரென்று மூச்சு முட்டும், ஹீமோகுளோபின் இறங்கும். கக்கவில்லையே என்று யாராவது வீட்டில் இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. 'நுண்ணறை இரத்தக்கசிவு' போதும். காய்ச்சலும் இருமலும் வந்தால் லூபஸ்தான் என்று முடிவு கட்டாமல் முதலில் கிருமித்தொற்றா என்று பார்ப்பார்கள் என்ற வரியையும் சேருங்கள். மூச்சு முட்டலோடு நெஞ்சு நோவும் இருந்தால் நுரையீரல் இரத்தக்குழாயை அடைக்கும் இரத்தக்கட்டியையும் தேடுவார்கள்.

துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் போகிறது. 'குறைகொள்' பிடிக்காதவர்கள் வியாழனுக்குள் வேறு சொல்லோடு வாருங்கள். கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன், "குறைவாக் கொள்ளுது, சரி" என்றார்.