குவாட்டர்பேக்கின் ‘பாக்கெட் பிரசன்ஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கொலம்பஸ், ஒஹாயோ. செவ்வாய் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். இங்கே தமிழ்ப் பள்ளியில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை. பதினாறு வயதுப் பையன் ஒருவன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக, இருந்த சி.ஜே. ஸ்ட்ரவுடை எப்படி எடைபோடுவது என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் உள்ள ஊர் இது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு வகுப்பில் முதல் பத்து நிமிடம் அந்தப் பேச்சுதான். கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

முட்டிய இடம் ‘பாக்கெட் பிரசன்ஸ்’. ‘சட்டைப்பையில் இருக்கும் தன்மை’ என்று எழுதியிருந்தான். அதை அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் குனிந்திருப்பவர் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தந்ததும், குவாட்டர்பேக் சில அடி பின்வாங்குவார். ஐந்து தடுப்பாளர்கள் அவருக்கு முன்னால் லாடம் போல வளைந்து நின்று, பாய்ந்து வரும் எதிரணியைத் தள்ளிப் பிடிப்பார்கள். அந்த வளைவுக்கு உள்ளே இருக்கும் இடம்தான் பாக்கெட். இரண்டரை, மூன்று நொடி தாங்கும். பக்கவாட்டில் நெருங்குகிறவனைத் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்து, அரை அடி நகர்ந்து, கண்ணைக் களத்திலிருந்து எடுக்காமல் நிற்கிற திறமைக்குத்தான் பெயர் கேட்கிறேன். ‘டிசிஷன் மேக்கிங்’ என்பதற்கு ‘முடிவெடுத்தல்’ என்று போட்டுவிட்டேன். போதுமா?

மதுரை. புதன் காலை

அன்புள்ள அம்மா,

சொல் வெளியே தேடவேண்டியதில்லை. அரண். குறளில் எழுபத்தைந்தாம் அதிகாரமே அதுதான். அதன் கடைசிக் குறளைப் பாருங்கள்:

எனைமாட்சித் தாகியக் கண்ணும் வினைமாட்சி
இல்லார்கண் இல்லது அரண்.

எத்தனை சிறப்பான அரணானாலும், உள்ளே இருப்பவனுக்குச் செயல்திறம் இல்லையென்றால் அது இல்லாததே. தடுப்பாளர் ஐவர் எவ்வளவு நன்றாக நின்றாலும் உள்ளே நிற்பவன் பதறினால் பயனில்லை என்பதுதானே உங்கள் மாணவன் எழுதியது? ஆகவே ‘அரணுணர்வு’. ‘அரண்ணுணர்வு’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். தனிக்குறில் முன் ஒற்றுதான் உயிர் வரின் இரட்டும். கண்ணுணர்வு வரும், அரண்ணுணர்வு வராது.

‘முடிவெடுத்தல்’ மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. வள்ளுவர் அதற்குத் ‘துணிவு’ என்கிறார். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது.’ ஆராய்ந்து முடிப்பது துணிவு. அந்தத் துணிவைத் தாமதப்படுத்துவது தீது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவனுக்குச் சொன்னது போலவே இருக்கிறது.

சென்னை. புதன் மாலை

ஐயா, வணக்கம். தினமும் மென்பொருள் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இன்றைக்குத் ‘துணிவு’ என்று எழுதினால் படிப்பவர் தைரியம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் இந்த ஆட்டத்தில் பொருளே தலைகீழாகிவிடும். மூன்று பேர் சூழ்ந்து நிற்கும் ஆளுக்கு ஒருவன் பந்தை வீசுகிறான் என்று வையுங்கள். தைரியம் நிறைய இருக்கிறது, முடிவு மோசம். ‘இவனுக்குத் துணிவு அதிகம்’ என்று பையன் எழுதினால் பாராட்டா, குறையா? ‘சூழ்ச்சி’க்கும் இதே கதிதான். வள்ளுவர் காலத்தில் ஆலோசனை, இப்போது சதி.

என் கருத்து, பாக்கெட் பாக்கெட்டாகவே இருக்கட்டும். கிரிக்கெட் வர்ணனையில் விக்கெட்டும் ஓவரும் அப்படியேதான் வருகின்றன, யாருக்கும் புரியாமல் போகவில்லை. அந்தத் திறமைக்கு மட்டும் ஒரு தமிழ்ச் சொல் சேர்த்தால் போதும்.

டொராண்டோ. புதன் இரவு

தங்கச்சி, கோட்டையும் வேண்டாம், இரவல் சொல்லும் வேண்டாம். பை தைக்காத உடுப்பு உடுத்திய நம்முடைய ஆட்களுக்குப் பாக்கெட்டாக இருந்தது எது? மடி. காசை மடியில் முடிந்துவைத்தார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்ற பழமொழியை இந்த ஆட்டக்காரனுக்கு அப்படியே சொல்லலாம். பந்து அவன் மடியில் இருக்கும்வரை பதினோரு பேருக்கும் அவன்மேல்தான் கண். இங்கே கனடாவில் ஆட்டம் கொஞ்சம் வேறு. அணிக்குப் பன்னிரண்டு பேர், பத்து கெஜம் முன்னேற மூன்றே முயற்சி. ஆனாலும் மடி ஒன்றுதான்.

இன்னும் கேளுங்கள். மடிதல் என்றால் வளைதல், மடங்குதல். தடுப்பாளர் வரிசை வளைந்து நிற்கிறது. மடிதல் என்றால் அழிதலும் ஆகும். பாக்கெட் சரிந்துவிட்டது என்பதை ‘மடி மடிந்தது’ என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். தாய்மடி என்ற பாதுகாப்பும் உள்ளே இருக்கிறது. மடை, மடக்கு, மடல் எல்லாம் இந்தக் குடும்பந்தான். நாம் எழுதும் இந்த மடலும் மடிக்கப்பட்டதால் வந்த பெயர்.

மதுரை. வியாழன் காலை

அம்மையீர், மடிக்கப்பட்டதால் மடல் என்று வேர் காட்டியதை ஏற்க இயலாது. பனைமடல், தாழைமடல், காதுமடல் எதையும் யாரும் மடிக்கவில்லை. இலையின் பெயர் அதில் எழுதியதற்கு ஆகிவந்தது, ஓலை என்று கடிதத்தைச் சொன்னதைப் போல. இதை ஒருமுறை இதே குழுவில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தடை, மடி என்றால் சோம்பல். மடியின்மை என்று ஓர் அதிகாரமே உண்டு. ‘குடியென்னும் குன்றா விளக்கம் மடியென்னும் மாசூர மாய்ந்து கெடும்.’ ஓர் ஆட்டக்காரனிடம் மடியுணர்வு மிகுதி என்று எழுதினால், குறள் படித்த பிள்ளை என்ன நினைக்கும்?

தென்பாண்டிச் சீமையில் பால் கறக்கும் மடியும் உண்டு, ஆசாரம் பார்க்கும் வீடுகளில் மடித்துணியும் உண்டு. ஒரு சொல்லின் மேல் இத்தனை சுமை ஏற்றக்கூடாது.

டல்லாஸ். வியாழன் இரவு

அக்கா, ஐயா, எல்லாருக்கும் வணக்கம். இருபது வருடமாக இந்த ஆட்டம் பார்க்கிறேன். சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2019 செப்டம்பர் 7, ஆஸ்டின். எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி டெக்சாஸுக்கு எதிராக முன்னிலையில் இருக்கிறது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டார்கள். மூன்றாவது முயற்சி, இன்னும் 17 கெஜம் வேண்டும். டெக்சாஸ் வழக்கத்தைவிட அதிகமான ஆட்களை ஏவியது. எல்.எஸ்.யூ. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ ஓடவில்லை. ஒதுங்கி, முன்னே அடி எடுத்துவைத்து, ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு வீசினார். 61 கெஜம், டச்டவுன், அதாவது பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆட்டம் 45–38 என்று முடிந்தது. அந்த ஆண்டு அவர் மொத்தம் 60 டச்டவுன் வீசி, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கி, 15 ஆட்டத்தையும் வென்றார்.

அந்தக் காணொளியைப் பந்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான். கால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், எந்த நொடியும் வீச முடிகிற நிலையில். பந்து இரண்டு கையிலும் நெஞ்சோடு இருக்கவேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டால் பின்னால் வருகிறவன் தட்டிவிடுவான். கண் தொலைவில் இருக்கவேண்டும். பாய்ந்து வருகிறவனைப் பார்க்கக் கண் ஒருமுறை கீழே இறங்கிவிட்டால், களத்தில் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று பார்த்துவந்த வரிசை அறுந்துபோகும். பல இளம் ஆட்டக்காரர்களிடம் இந்தக் குறையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

2012 நவம்பரில் ஜானி மான்ஸியல் என்ற குவாட்டர்பேக் அலபாமாவுக்கு எதிராகச் செய்ததை இதோடு சேர்க்கக்கூடாது. தன் அணித் தடுப்பாளன் மேலேயே மோதி, கையை விட்டு எகிறிய பந்தைத் திரும்பப் பிடித்து, வெளியே ஓடி டச்டவுன் வீசினார். பார்க்க அற்புதம். ஆனால் அது தப்பித்தல், வேறு திறமை.

இதனால்தான் ஐயாவின் அரண் எனக்கு நெருடுகிறது. அரண் அசையாது. பாக்கெட் ஆட்களால் ஆனது, பிறந்த நொடியிலிருந்து சரிந்துகொண்டே இருப்பது. ஆட்டக்காரன் உணர்வதும் அரணை இல்லை, அது எந்தப் பக்கம் நெருக்குகிறது என்பதைத்தான். எனவே ‘நெருக்குணர்வு’. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

முடிவெடுத்தல் பற்றியும் ஒன்று. கல்லூரி ஆட்டத்தில் அதை எடைபோடுவது கஷ்டம். பல அணிகளில் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று சைகை காட்டுவார், எல்லோரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். 2024 முதல் பெரிய அணிகளுக்குத் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கியும் வந்துவிட்டது. முதல் ஆளைப் பார், இல்லையென்றால் ஓடு என்று எளிதாக்கப்பட்ட ஆட்டங்களும் நிறைய. இதில் எது அவன் முடிவு, எது பயிற்சியாளர் முடிவு? பையன் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறானா அக்கா?

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். குவாட்டர்பேக் என்ற பெயரில் உள்ள கால், உறுப்பு இல்லை, அளவு. முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்துக் கால், அரை, முழு என்று பெயர் வந்தது. நம் மொழியில் கால் என்பது இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் யாராவது ‘கால்பின்னர்’ என்று கிளம்புவதற்கு முன் தடுத்துவிடுகிறேன்.

மதுரை. வெள்ளி காலை

தம்பி, அந்தக் கடைசிப் பத்தி எழுதியிராவிட்டால் நான் ‘காற்பின்னர்’ என்று முன்மொழிந்திருப்பேன். வல்லினம் வருமிடத்தில் ல் ஏன் ற் ஆகவேண்டும், கால்பந்தா காற்பந்தா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

நெருக்குணர்வில் ஒரு குறை. நெருக்கு இல்லாதபோது இல்லை என்று அறிவதும் இதே திறமையில் சேருமா, சேராதா?

டல்லாஸ். வெள்ளி மதியம்

சேரும் ஐயா, கட்டாயம் சேரும். யாரும் நெருங்காதபோதே பயந்து வெளியே ஓடுவது பெரிய குறை. அதனால் தடுப்பாளர் பட்ட பாடும் வீணாகிறது. நீங்கள் சொல்வது சரி, என் சொல் பாதியைத்தான் பிடிக்கிறது.

டொராண்டோ. வெள்ளி இரவு

அப்படியானால் மடி திரும்பி வரட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருப்பது குற்றம் என்றால் தமிழில் பாதிச் சொல் மிஞ்சாது.

முடிவெடுத்தலுக்கு ஒரு வழி சொல்கிறேன். இலங்கையில் தேர்தலில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ‘தெரிவு’ என்போம். வீசுகிறவன் செய்வதும் அதுதான். நாலைந்து பேரில் ஒருவரைத் தெரிவது. நல்ல தெரிவு, பிந்திய தெரிவு, பிழையான தெரிவு என்றெல்லாம் சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கவில்லை.

மதுரை. சனி காலை

தெரிவு! தெரிந்துசெயல்வகை என்று அதிகாரம் இருக்க எனக்கு இது தோன்றவில்லையே. முழு மனதோடு ஏற்கிறேன். துணிவைத் திரும்பப் பெறுகிறேன்.

சென்னை. சனி காலை

எனக்கும் சம்மதம்.

கொலம்பஸ். சனி இரவு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பையனிடம் முழு இழையையும் காட்டினேன். டல்லாஸ் தம்பி கேட்டதை அவன் தானாகவே எழுதியிருந்தான். 2022 டிசம்பர் 31 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியாவுடன் நடந்த ஆட்டம்தான் கட்டுரையின் நடு. ஸ்ட்ரவுட் பாக்கெட்டிலேயே நிற்பார், காலைப் பயன்படுத்தமாட்டார் என்று அதுவரை பேசினார்கள். அன்றைக்கு நெருக்கடியில் நகர்ந்தும் ஓடியும் வீசியும் 348 கெஜம், நான்கு டச்டவுன். பந்தை ஒருமுறைகூட எதிரணியிடம் கொடுக்கவில்லை. 42–41 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள், கடைசியில் புள்ளிக்காகக் கம்பங்களுக்கு இடையே உதைத்த 50 கெஜ உதை தவறியதால். தோற்ற ஆட்டத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். “அன்னிக்கு அவர் பயிற்சியாளர் சொன்னது உடைஞ்ச பிறகுதான் நிறைய செஞ்சார் ஆண்ட்டி, அதனால அது அவரோட தெரிவு” என்றான். சொல்லை அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டான்.

மலரில் இப்படிப் போகிறது. இடத்துக்குப் பாக்கெட், திறமைக்கு நெருக்குணர்வு, முடிவெடுத்தலுக்குத் தெரிவு. நெருக்குணர்வு முழுமையானது இல்லை என்று தெரிந்தேதான் போடுகிறேன். அச்சகத்துக்கு நாளைக் காலை கொடுத்தாகவேண்டும். ஆதரித்தவர்கள் மூன்று பேர்.

மதுரை. ஞாயிறு காலை

பெரும்பான்மைக்கு மறுப்பில்லை. ஆனால் இடத்தை ஆங்கிலத்திலும் உணர்வைத் தமிழிலும் சொல்வது ஒரு காலில் செருப்பு அணிவதைப் போன்றது என்ற என் கருத்தைப் பதிவுசெய்கிறேன். அரண் அசையாது என்று தம்பி சொன்னார். போர்க்களத்தில் யானை வரிசையும் வேல் வரிசையும் அரணாக நகர்ந்தன. நகரும் அரணுக்குப் பழைய சொல் ஏதேனும் உண்டா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எழுதுவேன்.

கொலம்பஸ். ஞாயிறு மதியம்

அவசரம். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் ‘சாக்’ என்பார்கள், அதைச் ‘சாக்கு’ என்று எழுதியிருக்கிறான். படிப்பவர் கோணிப்பை என்று நினைப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் அப்படி இழந்த கெஜங்களை அவர் ஓடிய கணக்கில்தான் கழிப்பார்களாம், அதனால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பட்டியலே புரியாது. ‘வீழ்த்தல்’ என்றால் சாதாரணமாகத் தடுத்து விழவைப்பதோடு குழம்பும் என்கிறான். அச்சகத்தில் ஐந்து மணிவரை காத்திருப்பார்கள்.