பொருள்: மிகுபகு எண்ணா, நனிபகு எண்ணா?

ம. எழுதியது:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ராமானுஜனைப் பற்றி ஒரு சிறு நூல், திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. 1915இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்’. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ள எண். நான் எடுத்துக்கொண்டது 293318625600, காரணிகள் 5040. அவருடைய அட்டவணையில் விடுபட்டுப்போன எண் இது! அட்டவணை முடிகிற 6746328388800ஐ 23ஆல் வகுத்தால் இதுதான் வரும். இந்த வகை எண்ணுக்குத் தமிழில் ‘மிகுபகு எண்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

செ. எழுதியது:
சரியில்லை அம்மா. மிகு, பகு இரண்டுமே வினைத்தொகை; இரண்டும் எண்ணைத்தான் போய்ப் பற்றும். பகுபடுதல் மிகுதி என்று சொல்ல உரிச்சொல் வேண்டும். நன்னூலில் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு இருக்கின்றன. ‘கழி’ என்றால் பிள்ளைகள் கழித்தல் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ‘நனிபகு எண்’ என்க. காரணியும் வடசொல், ‘வகுத்தி’ போதும்.

த. எழுதியது:
நனியோ மிகுவோ, ‘பகு’தான் சிக்கல். 1க்கு ஒரு காரணி, 2க்கு இரண்டு. ஆகவே 2ம் இந்த வரையறைக்குள் வருகிறது. போன பாடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்த 2ஐ இப்போது நனிபகு என்றால் கடைசி பெஞ்சு சும்மா இருக்குமா? ஆங்கிலப் பெயரிலும் இதே ஓட்டை. முந்தியவற்றை விஞ்சுவதுதானே இதன் குணம்? ‘வகுவிஞ்சி’ எனலாம்.

ம. எழுதியது:
மிஞ்சி காலில் போடுவது ஐயா.

செ. எழுதியது:
பகுவை எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். பகல், பகை, பகிர்வு எல்லாம் அந்த வேர்தான். பட்டினப்பாலையில் நுகத்தடியின் நடு ஆணிக்கே பகல் என்று பெயர். பாகமும் இதிலிருந்து போனது என்பது என் கட்சி.

க. எழுதியது:
பாகம் எங்கிருந்து எங்கே போனது என்று போன வருடமே நாற்பது மடல் எழுதிவிட்டோம். எண்ணுக்கு வாருங்கள். 5040ம் இதே இனம்தான். அதன் காரணிகள் 60. 60ம் இதே இனம், அதற்கு 12. இப்படியே காரணிகளை எண்ணிக்கொண்டு போனால் அப்புறம் 6, 4, 3. அந்த 3 மட்டும் இந்த இனத்தில் இல்லை. அதற்கும் 2ஐப் போலவே இரண்டு காரணிதான். பெயர் எதுவானாலும் இதை நூலில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். என் ஓட்டு மிகுபகுவுக்கு. படித்ததும் பாதியாவது புரிகிறது.

ம. எழுதியது:
மிகுபகு 4, நனிபகு 1, வகுவிஞ்சி 1. மிகுபகுவே போகிறது. 2 பற்றி ஓர் அடிக்குறிப்பு சேர்த்துவிட்டேன். காரணி அப்படியே இருக்கும், பாடநூலில் அதுதான்.

செ. எழுதியது:
அடிக்குறிப்பில் ‘சிலர் நனிபகு என்பர்’ என்று ஒரு வரி போட இடம் இருக்காதா?